சீனிப் பீற்றூட்டுக்குக் கீழே ஒரு தரிப்பிடம்

கிழக்கு இங்கிலாந்தில், லிங்கன்ஷயர், நோர்ஃபோக், சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கங்களில் குடியிருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு,



கார்த்திகை, மார்கழியில் நாட்டுப்புற வீதிகளில் கார் ஓட்டிப் போகும்போது வயலுக்கு நடுவே பீற்றூட் மலைபோல் குவிந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். நாங்கள் கறி வைக்கிற சிவப்புப் பீற்றூட் இல்லை. சீனி எடுக்கிற வெள்ளை இனம். கிண்டி எடுத்ததைச் சேற்றில் கொட்டிவைக்க முடியாது. ஆலைக்குக் கொண்டுபோக லொறி வரும்வரை அதற்குக் கெட்டியான தரை வேண்டும். அடுத்த முறை அந்தக் குவியலைத் தாண்டும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கீழே உள்ள தரை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வட்டமாக இருந்தால் அது கமக்காரர் போட்ட தரையாக இருக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஒரு குண்டுவீச்சு விமானத்தை நிறுத்துவதற்காக வார்த்த கொங்கிரீட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த வட்டங்களுக்காகத்தான் இந்த மடல்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் ஒரு முதியவர். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்தேன். அவருக்கு நித்திரை வராது. விடியப்புறம் மூன்று மணிக்குத் தேத்தண்ணி கேட்பார். கொண்டுபோய்க் கொடுத்தால் கதைப்பார். போர்க் காலத்தில் அவர் லங்காஸ்டர் விமானங்களின் என்ஜின் மெக்கானிக். தான் வேலை செய்த இடத்தை 'பான்' என்றுதான் சொல்வார். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒருநாள் மேசைத் துடைப்புக் கடதாசியில் வரைந்து காட்டினார்: ஒரு நீண்ட பாதை, அதிலிருந்து பிரிகிற ஒரு சிறிய கழுத்து, கழுத்தின் முடிவில் ஒரு வட்டம். கைப்பிடி வைத்த தாச்சி மாதிரியே இருந்தது. விமானப் படையினரும் அந்த உருவத்தைப் பார்த்துத்தான் அப்படிப் பெயர் வைத்தார்களாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குத் தாச்சி என்றே பெயர்.

ஏன் இப்படித் தனித்தனியாக? விமானங்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு குண்டில் பத்துப் போகும். 1941 டிசம்பர் 7இல் ஹவாயில் வீலர் தளத்தில் நடந்தது அதுதான். நாசவேலைக்குப் பயந்து காவலுக்கு வசதியாக இறக்கையோடு இறக்கை ஒட்ட நிறுத்தியிருந்தார்கள். ஜப்பானிய விமானிகளுக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது. பிரித்தானியர் தங்கள் குண்டுவீச்சுத் தளங்களில் விமானங்களைச் சிதறவிட்டே நிறுத்தினார்கள். மூன்று ஓடுபாதைகள், அவற்றைச் சுற்றி 50 அடி அகலத்தில் ஒரு சுற்றுப்பாதை, அந்தச் சுற்றுப்பாதையின் ஓரமாக மரத்தில் காய்த்த காய்கள்போல் இந்தத் தரிப்பிடங்கள். 1942 அளவில் வகுத்த தரத்தின்படி ஒரு தளத்துக்கு 36. அமெரிக்கர்கள் வந்த பிறகு அவர்களுடைய தளங்களுக்கு 50. தாச்சியின் குறுக்களவு வழக்கமாக 125 அடி. லங்காஸ்டரின் இறக்கை 102 அடி. விமானத்தை உள்ளே கொண்டுவந்து திருப்புவது பெரும் பாடு என்பதால் பிறகு இன்னொரு வடிவம் வந்தது. சுற்றுப்பாதையின் இரு புறமும் வளையம் வளையமாக இருக்கும், மேலேயிருந்து பார்த்தால் மூக்குக்கண்ணாடி போல. ஒரு பக்கத்தால் நுழைந்து மறு பக்கத்தால் வெளியே வரலாம்.

தார் போடாமல் கொங்கிரீட் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. பெற்றோலும் எண்ணெயும் சிந்தினால் தார் இளகிக் கரையும். கொங்கிரீட் கறை பிடிக்கும், கரையாது. முழுச் சுமையோடு கிட்டத்தட்ட 30 தொன் வரும் விமானத்தை அது தாங்கவும் வேண்டும்.

இந்தத் தளங்களைக் கட்டிய வேகத்தையும் சொல்ல வேண்டும். 1942இல் கட்டுமானம் உச்சத்தில் இருந்தபோது சராசரியாக மூன்று நாளுக்கு ஒரு புதிய விமானத் தளம் என்ற கணக்கில் வேலை நடந்தது. நிலம் கமக்காரர்களுடையது. போர்ச் சட்டத்தின்படி அரசு எடுத்துக்கொண்டது. வேலிகளையும் மரங்களையும் சில இடங்களில் வீடுகளையும் இடித்தார்கள். வேலை செய்தவர்களில் அயர்லாந்திலிருந்து வந்த கூலியாட்கள் ஏராளம். சஃபோக்கில் 'ஐ' என்ற சிற்றூரின் தளத்தைக் கட்டியதில் அமெரிக்கப் படையின் கறுப்பினப் பொறியியல் படையினருக்குப் பெரும் பங்கு உண்டு. தங்கள் சொந்தப் படையிலேயே பிரித்துவைக்கப்பட்ட மனிதர்கள் அவர்கள்.

அந்த முதியவர் விமானத்தில் ஏறிப் பறந்தவர் இல்லை. அதனால்தான் அவருடைய கதை எனக்கு இவ்வளவு முக்கியம். பறந்தவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. தரையில் நின்றவர்களுக்கு இந்த வட்டம்தான். பெரிய கொட்டகைகள் பெரிய பழுதுகளுக்கு மட்டும். அன்றாட வேலை எல்லாம் வெட்டவெளியில், தாச்சியில். மாரிகாலத்தில் வட கடலிலிருந்து வரும் காற்றை மறிக்க அங்கே ஒன்றும் இல்லை. உறைந்த இரும்பைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டால் சின்ன ஆணியைப் பிடிக்க முடியாது. பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து தாச்சியின் ஓரத்தில் தாங்களே ஒரு குடில் அடித்துக்கொள்வார்கள். உள்ளே ஒரு அடுப்பு. கழிவு எண்ணெயை எரித்துக் குளிர் காய்வார்கள், தேத்தண்ணி வைப்பார்கள்.

மாலையில் லொறி வரும். பெரும்பாலும் ஒரு பெண்தான் ஓட்டிவருவாள். ஏழு பேர் இறங்குவார்கள்: விமானி, என்ஜின் பார்ப்பவர், வழி கணிப்பவர், குண்டு குறிபார்ப்பவர், வானொலிக்காரர், சுடுவதற்கு இருவர். ஏறுவதற்கு முன் கொஞ்ச நேரம் காத்திருப்பு இருக்கும். சிகரெட் பிடிப்பார்கள். சிலர் வால்சக்கரத்தில் சிறுநீர் கழிப்பார்கள், அது ராசி என்று. புல்லில் மல்லாந்து கிடப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு வயது இருபதின் தொடக்கம். பிறகு ஏறிப் போவார்கள். திரும்பாதவர்களில் பலருக்குக் கடைசியாகக் கால் பட்ட தரை இந்தத் தாச்சிதான்.

பிறகு தரையில் நின்றவர்களின் காத்திருப்பு. விடியப்புறம் ஒவ்வொன்றாக இரைச்சல் கேட்கும். சத்தத்தை வைத்தே தங்கள் என்ஜினா என்று சொல்லிவிடுவாராம் அந்த முதியவர். பக்கத்துத் தாச்சிகள் நிரம்பும். தங்களுடையது வெறுமையாகக் கிடக்கும். எரிபொருள் முடிந்திருக்கும் நேரம் தாண்டியும் கொஞ்ச நேரம் நிற்பார்கள், வேறு தளத்தில் இறங்கியிருக்கலாம் என்று. பிறகு குடிலுக்குள் போய்விடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் புது விமானம் வரும், புது ஏழு பேரோடு. அதே வட்டம்.

1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் நகரத்துக்கு 795 விமானங்கள் புறப்பட்டன. 95 திரும்பவில்லை. போர் முழுவதிலும் குண்டுவீச்சுப் படையின் விமானங்களில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அந்த நியூரம்பெர்க் இரவில் மாண்டவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் பான்டன். கமக்காரர்களான அவருடைய தம்பிமார் பிரெட், ஹரோல்ட் இருவரும் பிற்காலத்தில் லிங்கன்ஷயரின் ஈஸ்ட் கேர்க்பி பழைய தளத்தில் காணி வாங்கி, அண்ணனின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள். அங்கே ஒரு லங்காஸ்டர் இன்றும் நான்கு என்ஜினும் உறுமத் தரையில் ஓடிக் காட்டுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சத்தம் காதில் அல்ல, நெஞ்செலும்பில் கேட்கும்.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். உடம்பு குனிந்தது. கை பிள்ளையின் தலையைப் பிடித்து அமத்தியது. உங்களில் பலருக்கும் அப்படித்தான் நடக்கும். நாங்கள் 'பொம்மர்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள். பங்கருக்குள் படிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருந்தவர்கள். ஊரில் குண்டு விழுந்த நவாலித் தேவாலயத்தை மறக்கக்கூடியவர் எங்களில் யார்? குண்டு விழும் பக்கத்தில் இருந்த சனம், குண்டு போட்ட விமானம் நின்ற இடத்தை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று என் சொந்த அக்காவே கேட்டா.

நியாயமான கேள்வி. இந்த வட்டங்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள்தான் 1943 ஜூலையில் ஹம்பேர்க்கை எரித்தன. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டனில் 25,000 பேர் வரை இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும். நாசிகளை வீழ்த்த வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நிலவறையில் மூச்சடைத்துச் செத்த பிள்ளைக்கு அந்த நியாயம் போய்ச் சேராது. இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்க எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இந்த இடங்களைப் பார்க்க எங்களைவிடத் தகுதியான கண்கள் குறைவு. வெற்றிக் கொடி நாட்டுகிறவர்களிடமும், வெறும் கொங்கிரீட் என்று உடைக்கிறவர்களிடமும் மட்டும் இதை விட்டுவிடக் கூடாது. இங்கே ஒரு குண்டு ஏற்றப்பட்டது, அங்கே ஒரு வீடு விழுந்தது. கண்ணால் பார்த்துக் காலால் மிதிக்கக்கூடிய தொடக்கப் புள்ளி இந்த வட்டம்.

இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரர் கதை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. எல்ஷம் வோல்ட்ஸ் தளத்திலிருந்து பறந்து 1943இல் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைபிடிக்கப்பட்ட வழி கணிப்பவர் சை கிராண்ட், கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர். போருக்குப் பிறகு பிபிசியில் பாடகராக ஊரறிந்தவர் ஆனார். ஃபால்டிங்வேர்த் தளத்தில் நின்றவர்கள் போலந்துக்காரர்கள். தங்கள் நாட்டை இழந்து வந்து வேறொரு நாட்டு மண்ணிலிருந்து பறந்தவர்கள். லிங்கனில் பேர்ச்வுட் பக்கம் வீடு வாங்கியிருப்பவர்களே, உங்கள் வீடுகள் நிற்பது ஸ்கெலிங்தோர்ப் விமானத் தளத்தின் மேல். உங்கள் பிள்ளைகள் போகும் லெஸ்லி மான்சர் ஆரம்பப் பள்ளிக்குப் பெயர் தந்தவர் 1942 மே 30 இரவு அந்தத் தளத்திலிருந்து கொலோன் நகரத்துக்குப் புறப்பட்டார். அடிபட்ட விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தார். மற்ற ஆறு பேரும் குதித்துப் பிழைத்தார்கள். அவர் குதிக்கவில்லை. வயது 20. பிறந்த ஊர் புதுடில்லி.

எங்கள் ஊரையும் விட்டுவிட முடியாது. பலாலி விமான நிலையம் யார் போட்டது? அதே போர்க் காலத்தில் அதே பிரித்தானிய விமானப் படை. காங்கேசன்துறைத் தளம் என்று பெயர். 1944இல் 160ஆம் அணியின் லிபரேட்டர் விமானங்கள் அங்கே நின்றன. திருகோணமலை சீனக்குடாவிலிருந்து 1944 ஓகஸ்ட் 10இல் 54 பி-29 விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைக்குப் புறப்பட்டன. என் அம்மாவின் காணி பலாலிக்குப் பக்கம். வெங்காயமும் மிளகாயும் போட்ட செம்மண். 1990இல் யுத்தத்தால் எழும்பி ஓடியவர்கள் அதற்குப் பிறகு பல வருடம் அந்த மண்ணை மிதிக்கவில்லை. ஓடுபாதை வந்தால் தோட்டம் என்ன ஆகும் என்று அம்மாவுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. லிங்கன்ஷயர்க் கமக்காரர் ஒருவர் தன் தாத்தாவின் வயலை அரசு எடுத்த கதையைச் சொன்னபோது, நான் அம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் கேற்றைத் திறந்து, போய்ப் பாருங்கோ என்று விட்டார்.

அன்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். பீற்றூட்டை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சேறும் வாடிய இலைகளும் ஒட்டிக்கிடந்தன. மகள் காலால் தள்ளிக்கொண்டே போனாள். கொங்கிரீட்டைக் கட்டம் கட்டமாக வார்த்திருக்கிறார்கள், இடையில் தார் ஊற்றி. அந்தத் தார் எண்பது வருடத்தில் சுருங்கி விலகி, இடைவெளியில் பாசியும், மஞ்சள் பூப் பூக்கும் தடித்த இலைச் செடியும் பிடித்திருந்தன. ஓரத்தில் ஒரு குழி, குழிக்குள் ஒரு இரும்பு வளையம். காற்றில் விமானம் புரளாமல் கயிறு போட்டுக் கட்டும் வளையம். துருப்பிடித்துத் தடித்திருந்தாலும் விரலால் தூக்கினால் அசைந்தது. கழுத்துப் பகுதியில், ஈரக் கொங்கிரீட்டில் நடந்துபோன ஒரு நாயின் நான்கு காலடிகள். மழைத்தண்ணீர் அவற்றில் தேங்கியிருந்தது. மகள் வட்டத்தின் விளிம்பில் அடியெண்ணி நடந்தாள். 190 காலடி வைத்துத் தொடங்கிய இடத்துக்கு வந்தாள்.

இனி, வயலோரத்தில் நான் கண்ட மஞ்சள் அறிவித்தல் கடதாசி விஷயத்துக்கு வருகிறேன்.

போர் முடிந்ததும் தளங்களில் பெரும்பாலானவை கமத்துக்குத் திரும்பின. நோர்ஃபோக்கில் சில ஓடுபாதைகளின் மேல் வான்கோழிக் கொட்டகைகள் வந்தன. பல தளங்களின் கொங்கிரீட்டை உடைத்து நொறுக்கி வீதி போடக் கொண்டுபோனார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நிலம் சோறு போட வேண்டியது. ஆனால் எது முதலில் போகிறது என்று பாருங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அழகு இருக்கிறது, யன்னல் இருக்கிறது, படம் எடுக்கலாம். அதைச் சில இடங்களில் பட்டியலிட்டுக் காப்பாற்றுகிறார்கள். சுற்றுப்பாதை உழவு இயந்திரம் போக உதவுகிறது. பாதி அகலமாவது தப்புகிறது. தரிப்பிடத்துக்காக மட்டும் பேச ஆள் இல்லை. உயரமில்லாத பொருளை நினைவுச்சின்னமாக நினைக்க மனிதருக்குக் கடினம். உடைத்த இடத்தில் கடும் கோடையில் பயிர் வேறு நிறமாக வளர்ந்து, வானத்திலிருந்து பார்த்தால் ஒரு வட்ட நிழல் தெரியும். அவ்வளவுதான் மிஞ்சும்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளி, வயலோரக் கம்பத்தில் கட்டியிருந்த அந்த மஞ்சள் அறிவித்தல் சூரிய மின்தகடுகளுக்கு அனுமதி கேட்கிறது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வரைபடத்தில் ஐந்து வட்டங்கள் இருக்கின்றன. ஐந்தையும் அகற்றப்போவதாகக் குறித்திருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் வேறொரு தளத்துக்கு இதே மாதிரி விண்ணப்பம் வந்தபோது நான் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். அந்த அறிக்கையில் தாச்சிகளுக்கு என்ன பெயர் தெரியுமா? கடினத் தரை. ஒருவரும் எழும்பிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, என் ஆங்கிலம் அந்தச் சபைக்குப் போதாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் அங்கே ஒன்றும் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நித்திரை கெடுகிறது.

இந்த நாட்டுச் சட்டம் எங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கட்டட அனுமதி விண்ணப்பம் எதற்கும் அந்தப் பகுதியில் இருக்கும் யாரும் கருத்து எழுதலாம். குடியுரிமை கேட்கமாட்டார்கள், இலக்கணம் பார்க்கமாட்டார்கள். தேசியப் பட்டியலில் இல்லாத இடமானாலும் அதற்கு வரலாற்று மதிப்பு உண்டென்றால், முடிவெடுக்கும்போது கவுன்சில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கவுண்டிக்கும் வரலாற்று இடங்களின் பதிவேடு ஒன்று உண்டு. உங்கள் ஊர் வட்டம் அதில் இல்லையென்றால் படமும் இடக்குறிப்பும் அனுப்பிச் சேர்க்கச் சொல்லலாம். நாலு வரி போதும். எல்லாவற்றையும் காப்பாற்று என்று எழுதாதீர்கள், அது நடக்காது. ஒன்றை விடுங்கள் என்று எழுதுங்கள். அதன் கழுத்தோடு, வளையத்தோடு, ஒரு நடைபாதை வந்து தொடும்படி.

உங்கள் பக்கத்தில் எங்கே தளம் இருந்தது என்று அறிய ஓர்ட்னன்ஸ் சேர்வே வரைபடத்தைப் பாருங்கள். பயன்பாட்டில் இல்லாத விமானத் தளம் என்று பல இடங்களில் இன்னும் குறித்திருக்கிறார்கள். பொது நடைபாதை இருந்தால் அதில் போங்கள். இல்லையென்றால் கமக்காரரின் கதவைத் தட்டிக் கேளுங்கள். நாங்கள் கேட்டு இதுவரை ஒருவர்கூட மறுக்கவில்லை. லிங்கனில் குண்டுவீச்சுப் படைக்கு 2018இல் திறந்த நினைவு மையத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. அதன் உயரம் லங்காஸ்டரின் இறக்கை அளவு, 102 அடி. சுற்றிலும் சுவர்களில் கிட்டத்தட்ட 58,000 பெயர்கள். அங்கே போய்விட்டு ஒரு தாச்சிக்குப் போனால், பெயர்கள் நின்ற இடம் தெரியும்.

அந்த முதியவர் போய் இப்போது பல வருடமாகிறது. கடைசி மாதங்களில் நினைவு தடுமாறியபோதும் விடியப்புறம் யன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு இருப்பார். என்ன கேட்கிறீர்கள் ஐயா என்று நான் கேட்டதில்லை.

எங்கள் அறிவித்தலுக்குக் கருத்து எழுதும் கெடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறவர்கள் இந்தச் சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமையும் தமிழ்ப் பள்ளிக்கு வாருங்கள். வாசலுக்கு வலப்பக்கம் மேசை போட்டிருப்பேன், மடிகணினியும் வரைபடமும் வைத்திருப்பேன். மகள் தட்டச்சு செய்து தருவாள். நாங்கள் கேட்பது வடகிழக்கு மூலையில் உள்ள வட்டத்தை. இரும்பு வளையமும் நாயின் காலடியும் அதில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி